‘சம்சாரம்’ என்னும் சொல்: ஒரு பொருளாய்வு

ஒரு மொழியிலிருந்து பிறிதொரு மொழிக்குச் செல்லும் சொல், சென்ற இடத்தின் வாழ்வுக்கேற்பப் பொருள் மாறுதல் இயல்பே. ஒலி ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றே எனக் கொள்ளுதல் பிழையாகும். சமயச் சொற்களில் இப்பிழை நேரின், அண்டை வீட்டாரின் நம்பிக்கையையே நாம் தவறாக உணர்ந்துவிடுவோம். வடமொழிச் சொல்லாகிய ‘சம்சாரம்’ இதற்குத் தக்க சான்றாகும். அதன் பொருள் வேறுபாடுகளை ஈண்டு ஆராய்வோம்.

வேர்ப்பொருள்

‘சம்’ என்னும் முன்னொட்டும், செல்லுதல், ஓடுதல் என்னும் பொருளுடைய ‘ஸ்ரு’ என்னும் வினையடியும் சேர்ந்து இச்சொல் பிறந்தது. இடையறாது செல்லுதல், சுற்றித் திரிதல் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. வேரில் வீடும் இல்லை, மனைவியும் இல்லை, துன்பமும் இல்லை. இயக்கம் ஒன்றே உண்டு.

சமயநூற் பொருள்

கடோபநிடதம் உடலைத் தேராகவும், புத்தியைத் தேரோட்டியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் உருவகம் செய்கிறது. விவேகம் இல்லாதவன் சேரவேண்டிய இடத்தைச் சேராது சம்சாரத்தையே அடைகிறான் என்பது அந்நூலின் கருத்து. பகவத்கீதையின் 12ஆம் அத்தியாயம் சம்சாரத்தை இறப்போடு கூடிய கடலாகக் காட்டுகிறது. ஆகவே, பிறத்தலும் இறத்தலும் மீண்டும் பிறத்தலுமாகிய சுழற்சியே இந்து சமய நூல்களில் இச்சொல்லின் பொருளாகும். உயிரைச் சுழற்றுவது வினை. சுழற்சி நீங்குவது வீடுபேறு.

விடுதலைக்கு உரிய வழியில் கொள்கைகள் வேறுபடுகின்றன. சங்கரரின் அத்வைதம் அறியாமையை அகற்றும் ஞானத்தை வற்புறுத்தும். இராமாநுசரின் மரபு பக்தியையும் சரணாகதியையும் முன்வைக்கும். சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை ஆகிய மும்மலங்களும் திருவருளால் நீங்கவேண்டும் என்னும். உலகைப் படைத்த இறைவனை ஏற்காத சமணமும் பௌத்தமும்கூட இச்சுழற்சியை ஏற்கின்றன.

தமிழோ இக்கருத்தைப் ‘பிறவி’ என்னும் தன் சொல்லாலேயே உணர்த்தியது. திருக்குறளின் 10ஆம் குறள் பிறவியைக் கடலாக உருவகம் செய்கிறது. மணிமேகலை பிறவித் தொடரைப் பன்னிரு சார்புகளால் விளக்குகிறது. தத்துவப் பொருளுக்குப் ‘பிறவி’ நிலைபெற்றுவிட்டமையால், பேச்சு வழக்கில் ‘சம்சாரம்’ வேறு பொருளை ஏற்க இடம் கிடைத்தது எனலாம்.

தமிழ் வழக்கு

இல்லத்தை நீங்கியவர் துறவி, நீங்காதவர் சம்சாரி. இவ்வகையில் இல்வாழ்க்கையும் குடும்பமும் சம்சாரம் எனப்பட்டன. பின்னர்க் குடும்பத்தைக் குறித்த சொல் அதன் தலைவியையும் குறிக்கலாயிற்று. ‘இல்’ என்பதிலிருந்து ‘இல்லாள்’ என்பதும், ‘மனை’ என்பதிலிருந்து ‘மனைவி’ என்பதும் தோன்றியமை இதனோடு ஒப்பிடத்தக்கது. பிள்ளைகள் பலர் உடையவரைப் ‘பெரிய சம்சாரி’ என்பர். தென்மாவட்டக் கரிசல் வட்டாரத்திலோ ‘சம்சாரி’ என்றால் உழவர். கி. ராஜநாராயணனின் எழுத்துகளில் இவ்வழக்கு நிரம்பக் காணப்படும். துறவியின் நோக்கில் கட்டுண்டு கிடப்பவன், கரிசல் மண்ணில் ஊருக்குச் சோறிடுபவனாக உயர்ந்துவிட்டான்!

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ‘சம்சாரம் துன்பக்கடல்’ என்னும் நூற்கருத்தை மனைவியின்மேல் ஏற்றி மேடைகளில் நகையாடுவோர் உளர். இது நூற்பொருளையும் வழக்குப் பொருளையும் கலந்த மயக்கம். நூல்கள் கடல் என்றது பிறவியையே, பெண்ணை அன்று. அக்கடலில் ஆணும் பெண்ணும் ஒருங்கே நீந்தும் உயிர்கள். 1986இல் வெளிவந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்னும் திரைப்படத் தலைப்பிலும் இச்சொல் குடும்பத்தையே சுட்டுகிறது.

பிற இந்திய மொழிகள்

தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் குடும்பம், இல்வாழ்க்கை என்னும் பொருள்களில் பயில்கிறது. மலையாளத்தில் ‘சம்சாரம்’ என்றால் பேச்சு; ‘சம்சாரிக்குக’ என்றால் பேசுதல். அங்குச் சென்று ஒருவரிடம் “சம்சாரம் நலமா?” என்று வினவினால் அவர் திகைப்பார். எனினும் மலையாளப் பக்தி இலக்கியம் பிறவிச் சுழற்சி என்னும் பொருளையும் கைவிடவில்லை.

மராத்தியில் இது இல்லறம். எழுத்தறியாத உழவர் குடிப் பெண்ணாகிய பகிணாபாய் சௌத்ரி (1880–1951), சம்சாரத்தை அடுப்பில் காயும் ரொட்டிக்கல்லோடு ஒப்பிட்டுப் பாடினார். வங்காளத்திலும் இது குடும்ப வாழ்வே. சத்யஜித் ராயின் ‘அபுர் சன்சார்’ (1959) திரைப்படம் ஆங்கிலத்தில் ‘அபுவின் உலகம்’ எனப் பெயர்பெற்றது. மணம் புரிந்து, மனைவியை இழந்து, முடிவில் மகனை ஏற்கும் ஒருவனின் கதை அது. ‘உலகம்’ என்னும் பெயர்ப்பில் வீட்டின் வெம்மை மறைந்துவிடுகிறது.

இந்தியில் ‘சன்சார்’ என்பது உலகம். அதே பொருளில் அரபுச் சொல்லாகிய ‘துனியா’வும் அம்மொழியில் வழங்குகிறது. ‘துன்யா’ என்பதற்கு ‘அருகில் இருப்பது’ என்பது வேர்ப்பொருள். மறுமைக்கு முன் உள்ள இம்மை என்பது கருத்து. ஒன்று உலகை ஓடிக்கொண்டிருப்பதாகவும், மற்றொன்று அண்மையில் உள்ளதாகவும் காண்கிறது. இருவேறு சமய நோக்குகள் ஒரு மொழியில் அருகருகே வாழ்கின்றன.

கடல் கடந்து

மலாய் மொழியில் இச்சொல் ‘செங்சாரா’ என மாறித் துன்பத்தைக் குறிக்கிறது. 1920இல் வெளிவந்த மெராரி சிரேகாரின் இந்தோனேசியப் புதினம் ‘அசாப் டான் செங்சாரா’ என்னும் பெயருடையது. ‘அசாப்’ அரபு, ‘செங்சாரா’ வடமொழி. வேதனையைக் கூற இரு மொழிகளும் ஒரு தலைப்பில் கைகோத்துள்ளன. தாய்லாந்து மொழியிலோ இச்சொல் ‘சொங்சான்’ என்றாகி இரக்கம் கொள்ளுதலையும் உணர்த்துகிறது.

முடிவுரை

பிறவி, உலகம், குடும்பம், மனைவி, உழவர், பேச்சு, துன்பம், இரக்கம் என ஒரு வேரினின்று இத்தனை பொருள்கள் கிளைத்துள்ளன. இவற்றுள் ஒன்று சரி, ஏனையவை பிழை எனல் பொருந்தாது. ஒரு சொல்லைக் காணும்போது, எம்மொழியில், எந்நூலில், யார் வாய்மொழியாக வருகிறது என்று வினவி அறிதலே முறை. மொழிபெயர்க்கும் மாணவருக்கு இது இன்றியமையாத பயிற்சி. பல சமயத்தார் கூடிவாழும் நாட்டில் அயலார் சொல்லை அவர்தம் பொருளிலேயே உணர்ந்துகொள்ளுதல், புலமைக்கு மட்டுமன்றி நல்லுறவுக்கும் அடிப்படையாகும்.