சாப்பிட்டதும் வஜ்ராசனம்: எது நிஜம்?

மற்ற ஆசனங்களுக்கு வெறும் வயிறு வேண்டும். வஜ்ராசனத்தைச் சாப்பிட்ட கையோடு செய்யலாம். முழங்கால்களை மடக்கிக் குதிகால்களின் மேல் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடைமீது வைத்தால் முடிந்தது வேலை. இத்தனை எளிய ஆசனத்தின் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் பெருமைகளோ ஏராளம்.

நம்பிக்கை: காலுக்குப் போகும் ரத்தம் தடைபட்டு வயிற்றுக்குத் திரும்புவதால் உணவு சீக்கிரம் செரிக்கும்.

உண்மை: யோகா வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் விளக்கம் இது. மடக்கிய காலில் ரத்த ஓட்டம் குறைவது நிஜம். ஆனால் அந்த ரத்தத்தை எதிர்பார்த்து வயிறு காத்திருப்பதில்லை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் குடலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்கள் தாமாகவே விரிந்து, அங்கே ரத்த ஓட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் இது நடக்கும். திட உணவு இரைப்பையை விட்டு இறங்கவே நான்கு மணி நேரம் வரை ஆகிறது. பத்து நிமிட ஆசனம் அதைப் பெரிதாக முடுக்கிவிடும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

அப்படியானால் வஜ்ராசனத்துக்குப் பிறகு வயிறு லேசாக இருக்கிறது என்பவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை, காரணம்தான் வேறு. உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில் வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது அது அடிக்கடி தளரும். அந்த நேரம் பாயில் சாய்ந்தால் அமிலம் எளிதாக மேலேறி, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் புவியீர்ப்பு அமிலத்தைக் கீழேயே வைத்திருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் படுத்துப் பழகியவருக்கு வஜ்ராசனம் தரும் நிம்மதி இதுதான். அந்தப் பெருமை ஆசனத்தைவிட, படுக்காமல் இருந்ததற்கே அதிகம் சேரும். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு உடனே படுத்தால் பலன் போச்சு. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதே நல்லது.

நம்பிக்கை: வஜ்ராசனம் செரிமானத்துக்கு என்று பழைய யோக நூல்களே சொல்கின்றன.

உண்மை: கேரண்ட சம்ஹிதை இதை யோகிகளுக்குச் சித்தி தரும் ஆசனம் என்கிறது, வயிற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹடயோகப் பிரதீபிகையில் இந்தப் பெயர் சித்தாசனத்தின் மறுபெயராக வருகிறது. ஜடராக்கினியை, அதாவது செரிமானத் தீயைத் தூண்டுவதாக அந்நூல் புகழ்வது மயூராசனம், மத்ஸ்யேந்திராசனம் போன்றவற்றைத்தான். அதற்காக விருந்து முடிந்ததும் வயிற்றில் முழங்கையை ஊன்றி யாரும் மயூராசனம் முயல வேண்டாம்.

நம்பிக்கை: தினமும் செய்தால் தொப்பை கரையும்.

உண்மை: கரையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு கலோரி செலவாகுமோ ஏறத்தாழ அவ்வளவே இதிலும். சாப்பிட்ட பின் கால்மணி நேரம் மெதுவாக நடந்தால், ரத்தச் சர்க்கரை ஏறுவதாவது மட்டுப்படும்.

நம்பிக்கை: எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் தீங்கில்லை.

உண்மை: தினமும் மணிக்கணக்கில் வஜ்ராசனத்தில் உட்கார்ந்த கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கால் நரம்பு பாதிக்கப்பட்டு, நடக்கவும் படியேறவும் சிரமமானதை 1971இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. ஆசனத்தை நிறுத்தியதும் அவர் தேறினார். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். கால் மரத்துப்போனால் உடனே எழுந்துவிடுங்கள். மூட்டுத் தேய்மானமோ கணுக்கால் காயமோ உள்ளவர்களும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம். வஜ்ராசனத்தால் மூல நோய் குணமாகும் என்றும் சிலர் சொல்கிறார்கள். யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பயிற்சிக் கையேடோ மூல நோயாளிகள் இதைச் செய்யக் கூடாது என்கிறது.

விழுங்கச் சிரமம், மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆசனத்தை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.