பீடி தொடாத பெரியம்மாவின் இருமல்

மூன்று வருடமாக விடாத இருமல். பெரியம்மாவை ஊருக்குப் பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். “பீடி, சுருட்டு பழக்கம் உண்டா?” என்றார் மருத்துவர். “அந்தக் கருமமெல்லாம் எனக்கு எதுக்குங்க?” என்றார் பெரியம்மா. சளி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

புகை பிடிக்காதவருக்கு நுரையீரல் கெடாது என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. பெரியம்மாவுக்கோ நாற்பது வருட விறகடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகு பற்றாது. ஊதுகுழலை வைத்துக் குனிந்து ஊதி ஊதி, நிமிரும்போது கண் சிவந்து நீர் வழியும். முந்தானையால் துடைத்துக்கொண்டு, “புகை பட்டா கண்ணு சுத்தமாகும்” என்பார். ஆகாது. விறகுப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு உண்டு. பின்னால் வேறொரு இடத்தில் குழாயில் மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்தபோதுதான் தெரிந்தது, பெரியம்மாவுக்கு சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சுருங்கிய மூச்சுக்குழாய் பழையபடி ஆகாது. இன்ஹேலரால் மூச்சுத் திணறலைக் குறைக்கத்தான் முடியும்.

பாதிப்பு நுரையீரலோடு நிற்கும் என்பதும் தவறு. 2020இல் வீட்டுக்குள் எழும் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பாதிக்கும் மேல் இதய நோயும் பக்கவாதமும்தான். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்விடுகின்றன. அவற்றில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன.

விறகடுப்பே பார்க்காத வீடுகளிலும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தையின் தலைமாட்டில் கொசுவத்தி வைக்கிறோம். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற கொசுவத்திகளைச் சோதித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமமாக இருந்ததாம். கொசுவலை கட்டுங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

“கேஸ் வந்தாச்சு, இனி என்ன?” என்பார்கள். பெரியம்மா வீட்டிலும் சிலிண்டர் இருக்கிறது. காபிக்கும் விருந்தாளிக்கும் அது. சோற்றுக்கும் வெந்நீருக்கும் தென்னை மட்டைதான். இதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சிலிண்டருக்குக் காசு புரட்டும் கவலை அவருக்குத்தானே தெரியும்! வெந்நீர் அடுப்பையாவது வாசலுக்கு மாற்றுங்கள், விறகை நன்றாகக் காயவைத்து எரியுங்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள். புகை கொஞ்சமாவது குறையும்.

உங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்காவது நடந்தால் மூச்சு வாங்கினால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை வருடம் விறகடுப்பு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று.