காப்பியும் காப்பியடித்தலும்

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் வத்தல்மலை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், கீழே சமவெளியில் காணாத ஒரு பயிரைக் காணலாம். உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள், நிழலில் காப்பிச் செடிகள். சாமை, கேழ்வரகு போன்ற பழைய பயிர்களும் இம்மலையில் உண்டு. இங்கு வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள்; இவர்கள் பேசுவது தமிழே.

சாமை சில மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஓராண்டு பொய்த்தால் மறு ஆண்டு வேறு ஏதேனும் விதைத்துப் பார்க்கலாம். காப்பி அப்படியன்று. கன்று நட்ட பிறகு முதல் பழம் பறிக்க மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண். ஆகவே, முதன்முதலாகக் காப்பி நடலாமா என்று எண்ணும் ஓர் உழவர் என்ன செய்வார்? எந்த ஊர் உழவரும் செய்வதைத்தான் செய்வார். பக்கத்து நிலத்தில் நட்டவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பார்.

தேர்வு அறையில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதினால் "காப்பியடிக்கிறான்" என்று தண்டிக்கிறோம். உழவர் பக்கத்து நிலத்தைப் பார்த்துக் காப்பி நட்டால் அது புத்திசாலித்தனம் என்கிறோம். (இரண்டு சொற்களும் தமிழில் ஒரே ஒலியாக அமைந்துவிட்டது ஒரு வேடிக்கை.) பிறரைப் பார்த்து அவரைப்போலச் செய்வது அறிவுள்ள செயலா, அறிவற்ற செயலா? உளவியலார் இதனைப் 'போலச் செய்தல்' என்று பெயரிட்டு நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் சில நம்மை வியக்க வைக்கும்.

முதலில் குரங்கைப் பற்றிய ஒரு பழியைத் துடைத்துவிடுவோம். குல்லா வியாபாரியின் கதை உங்களுக்குத் தெரியும். அவன் குல்லாவைக் கழற்றி எறிந்தான்; மரத்தின்மேல் இருந்த குரங்குகளும் எறிந்தன. கதை நல்ல கதைதான், ஆனால் ஆய்வுக்கூடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கப்புச்சின் என்னும் தென் அமெரிக்கக் குரங்குகளின் முன்னால் ஒரு குரங்கு குச்சியைப் பயன்படுத்தி உணவை எடுத்துக் காட்டியது. பலமுறை பார்த்த பின்பும் மற்றவை அவ்வித்தையை அப்படியே கற்றுக்கொள்ளவில்லை. ஜப்பானில் கோஷிமா தீவில் 1953-ஆம் ஆண்டு ஓர் இளம் பெண் குரங்கு, மணல் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. அப்பழக்கம் கூட்டத்தில் பரவியது உண்மை. ஆனால் பரவப் பல ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு குரங்கும் தண்ணீரருகே கிழங்கோடு திரிந்து, தானாகவே இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். "குரங்குபோல் பார்த்துச் செய்கிறான்" என்று இனி யாரையும் திட்டினால், அது குரங்குக்கு நாம் தரும் மிகையான பாராட்டு.

அப்படியானால் பார்த்துச் செய்வதில் வல்லவர் யார்? இதற்கு விடை தந்தது 2005-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் ஒரு பெட்டியைச் செய்தார்கள். அதன் மேற்புறத்தில் ஒரு துளை. முன்புறத்தில் ஒரு சிறு கதவு. உள்ளே தின்பண்டம். செய்து காட்டுபவர் முதலில் மேல் துளையில் குச்சியை விட்டுக் குத்துவார். பிறகு முன்கதவைத் திறந்து, அதே குச்சியால் தின்பண்டத்தை வெளியே எடுப்பார். உண்மையில் மேல் துளைக்கும் தின்பண்டத்துக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. ஆகவே மேலே குத்துவதால் எப்பயனும் இல்லை.

பெட்டி கறுப்பாக, உள்ளே தெரியாதவாறு இருந்தபோது, உகாண்டாவில் உள்ள ஒரு காப்பகத்தின் இளம் சிம்பன்சிகள் மேலேயும் குத்தின, கீழேயும் எடுத்தன. அதே பெட்டியைக் கண்ணாடிபோல் உள்ளே தெரியுமாறு வைத்தபோது, மேலே குத்துவது வீண் வேலை என்பது அவற்றுக்கு விளங்கிவிட்டது. நேரே கீழ்க் கதவுக்குச் சென்றன. அடுத்து மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் வந்தார்கள். கறுப்புப் பெட்டியிலும் மேலே குத்தினார்கள். உள்ளே தெரியும் பெட்டியிலும், தடுப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மேலே குத்தினார்கள்!

சிம்பன்சியைவிட மனிதக் குழந்தை மந்தமோ என்று தோன்றும். தேவையற்றவற்றைச் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தும் குழந்தைகள் விடவில்லை என்பதை 2007-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இது நகரத்துக் குழந்தைகளின் வழக்கமாக இருக்குமோ? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் குழந்தைகளையும், ஆப்பிரிக்காவின் கலஹாரி பகுதியில் வாழும் புஷ்மன் பழங்குடிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2010-இல் ஆராய்ந்தார்கள். இரு சாராரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள். வயது ஏறினால் இப்பழக்கம் மறையும் என்றும் நினைக்க வேண்டாம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வளர்ந்த பெரியவர்கள் குழந்தைகளையும் மிஞ்சிப் பயனற்ற செயல்களைப் பிசகாமல் செய்தார்கள்.

இதில் ஒரு பொருள் இருக்கிறது. மனிதனின் கைத்தொழில்களை எண்ணிப் பாருங்கள். காப்பிப் பழத்தைத் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவி, காயவைத்து, வறுத்து, அரைக்கிறோம். இவற்றுள் எந்தப் படி தேவை, எது தேவையில்லை என்பது புதிதாகக் கற்பவனுக்குத் தெரியாது. ஊறவைப்பது ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் எல்லாவற்றையும் அப்படியே செய்து பழகுவதே பாதுகாப்பான வழி. காரணம் பிறகு விளங்கும், அல்லது விளங்காமலேயே போகும். நம் பண்பாடு தலைமுறை தலைமுறையாக வந்தது இப்படித்தான். கூடவே வீண் சடங்குகள் பலவும் வந்தன.

ஆனால் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த கெர்கெய் என்னும் உளவியலாரும் அவருடைய துணைவர்களும் 2002-இல் பதினான்கு மாதக் குழந்தைகளிடம் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு பெண்மணி மேசை விளக்கை நெற்றியால் அழுத்தி எரியச் செய்தார். சில குழந்தைகளுக்கு அவர் கைகள் மேசைமேல் சும்மா இருப்பது தெரிந்தது. அவர்களுள் 100-க்கு 69 பேர் பின்னர் தாமும் நெற்றியால் அழுத்தினார்கள். மற்றச் சில குழந்தைகள் முன் அவர் குளிருக்குப் போர்வையைப் போர்த்தி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்களுள் 100-க்கு 21 பேரே நெற்றியைப் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் கையால் அழுத்தினார்கள். "அவருக்குக் கை ஒழியவில்லை, எனக்கு ஒழிந்திருக்கிறது" என்ற கணக்கு, பேச்சே வராத அந்தப் பருவத்தில் நடந்திருக்கிறது!

பார்த்ததைச் செய்யாவிட்டால் கற்கவில்லை என்று சொல்ல முடியுமா? ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தின் ஆல்பர்ட் பாண்டுரா 1961-இல் 72 குழந்தைகளைக் கொண்டு புகழ்பெற்ற ஆய்வு ஒன்றை நடத்தினார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று; நம் தஞ்சாவூர்ப் பொம்மைபோலத் தள்ளினால் சாய்ந்து எழுந்து நிற்கும். பெரியவர் ஒருவர் அதை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள், பின்னர் தாங்களும் அவ்வாறே, அவர் சொன்ன சொற்களையும் சொல்லி அடித்தார்கள். 1965-இல் பாண்டுரா இன்னும் ஒரு படி மேலே சென்றார். அடித்தவர் தண்டிக்கப்படுவதாகக் காட்டிய படத்தைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். நல்லது என்று மகிழ்வதற்குள், "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவோம்" என்று சொன்னார்கள். தண்டனையைப் பார்த்தவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். தண்டனை செயலைத் தடுத்தது, கற்றலைத் தடுக்கவில்லை. பொம்மை அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது, ஆகவே இதை வைத்துத் திரைப்படச் சண்டைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பாரும் உண்டு. அது நியாயமான தடைதான்.

ஒருவரைப் பார்ப்பது வேறு, கூட்டத்தைப் பார்ப்பது வேறு. 1969-இல் ஸ்டான்லி மில்கிராமும் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் நடைபாதையில் ஒரே ஒருவர் நின்று மேலே அண்ணாந்து பார்த்தபோது, கடந்து சென்றவர்களுள் 100-க்கு 4 பேரே நின்றார்கள். 15 பேர் அண்ணாந்து பார்த்தபோது 40 பேர் நின்றார்கள். இதை நீங்கள் பள்ளி மைதானத்திலேயே செய்து பார்க்கலாம். ஒருவர், பிறகு ஐந்து பேர், பிறகு பத்துப் பேர் வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நிற்கட்டும். கடந்து செல்வோருள் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் தலையை மட்டும் உயர்த்தினார்கள் என்று ஒருவர் தள்ளி நின்று குறித்துக்கொள்ளட்டும். சாலையில் வேண்டாம்.

இனி உழவரிடம் திரும்புவோம். அவர் பார்ப்பது பொம்மையையோ பெட்டியையோ அன்று, தம் பிழைப்பை. 1960-களின் பிற்பகுதியில் புதிய கோதுமை, நெல் ரகங்கள் இந்தியாவில் பரவிய விதத்தைக் கைவன் முன்ஷி என்னும் பொருளியலார் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார். கோதுமை உழவர்கள் அண்டை நிலத்து விளைச்சலைப் பார்த்துத் தங்கள் பரப்பைக் கூட்டினார்கள். நெல் உழவர்களோ அண்டை வீட்டாரை அவ்வளவு பின்பற்றவில்லை. நெல் உழவர் பிடிவாதக்காரர் என்பதாலா? இல்லை. புதிய கோதுமை எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி விளைந்தது. புதிய நெல்லோ மண்ணுக்கும் நீருக்கும் பராமரிப்புக்கும் தக்கபடி மிகவும் மாறியது. அண்டை நிலத்தில் மூட்டை மூட்டையாக விளைந்தது என்பதால் தன் நிலத்திலும் விளையும் என்று சொல்ல முடியவில்லை. போர்வை போர்த்திய பெண்மணியைக் கண்ட குழந்தை போட்ட அதே கணக்கு: "அவருடைய நிலைமை என்னுடையதுபோன்றதா?"

மலைச்சரிவில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒரு சரிவில் காலை வெயில், மறுசரிவில் மாலை வெயில். ஓரிடத்தில் ஆழமான மண், நூறு அடி தள்ளிப் பாறை. ஒருவருடைய நிலத்தில் நிழல்மரங்கள் முன்பே வளர்ந்து நிற்கும். மற்றவர் அவற்றையும் நட்டு வளர்க்க வேண்டும். காப்பியைப் பொறுத்தவரை மலை உழவர் நெல் உழவரின் நிலையில்தான் இருக்கிறார். அந்த நெல் உழவர்கள் செய்தது என்னவென்றால், புதிய ரகத்தைத் தங்கள் சொந்த நிலத்திலேயே அதிகமாகச் சோதித்துப் பார்த்தார்கள். சாமைக் காட்டின் ஒரு மூலையில் பத்துக் காப்பிக் கன்று நட்டுப் பார்ப்பதும் அவ்வகைச் சோதனையே.