அரச காணி: யாரிடம் போவது?

சிலாபத்தில் உங்களுக்குக் காட்டப்பட்ட துண்டு அரச காணியா? அப்படியானால் "அமைச்சர் சொல்லிவிட்டார்" என்ற பேச்சை நம்பி அத்திவாரம் வெட்டாதீர்கள். காணி அமைச்சர் கொள்கை வகுப்பவர்; அமைச்சின் பெயரே தேர்தலுக்குத் தேர்தல் மாறும். டி.எஸ். சேனநாயக்க விவசாய, காணி அமைச்சராக இருந்தபோது வந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி அனுமதிப்பத்திரத்துக்கு நீங்கள் போகவேண்டிய இடம் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரை முதலில் சந்தியுங்கள்.

கரையோரமென்றால், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வீடு கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

பத்திரம் கிடைத்ததும் பின்னுரித்தாளரின் பெயரைப் பதியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கணவர் இறந்தபின் பிள்ளைகளுக்குள் வழக்கு வருகிறது. வெள்ளைத்தாளில் எழுதி விற்றால் செல்லாது, வாங்கியவருக்கும் காணி இல்லை.