சாங்கிக்குப் பெயர் தந்த மரம்



சாங்கி வில்லேஜில் உள்ள ஸ்ரீ ராமர் ஆலயத்துக்கு நம்மில் பலர் போயிருப்போம். சாமி கும்பிட்டு, பிரசாதம் வாங்கி, எதிரே உணவங்காடியில் ஒரு தே குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். அந்தக் கோயில் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1946-இல், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ராம் நாயுடு என்பவரின் முயற்சியில், ஒரு மரத்தடியில். கோபுரம் பிறகு வந்தது, மண்டபம் பிறகு வந்தது. முதலில் கிடைத்த கூரை மரத்தின் நிழல்தான்.

சிங்கப்பூரில் பல கோயில்களுக்கு இப்படி ஒரு மரத்தடிக் கதை உண்டு. தோட்டத்திலும் ரயில் பாதையிலும் ராணுவ முகாமிலும் வேலை பார்த்த நம் முன்னோர்களிடம் கல் இல்லை, காசு இல்லை. மரம் இருந்தது. அதனால் ‘பழைய மரத்தைப் பாதுகாப்பது’ என்பதை நாம் ஏதோ சுற்றுச்சூழல் மன்றத்தின் வேலை என்று தள்ளிவிட முடியாது. இந்த மாதப் பாடத்துக்கு சாங்கியையே எடுத்துக்கொள்வோம்.

ஊருக்கு மரம் பெயர் வைத்தது

சாங்கி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சில விளக்கங்கள் உண்டு. ‘சாங்கி ஊலார்’ என்ற ஒரு செடியிலிருந்து வந்தது என்பார்கள். ‘செங்கால்’ என்று மலாயில் சொல்லப்படும் உயர்ந்த காட்டு மரத்திலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். எதுவானாலும் பெயர் கொடுத்தது ஒரு தாவரம்.

இது நமக்குப் புதிதல்ல. சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை மரம் அடர்ந்த காடு என்பதால் வந்த பெயர். மதுரைக்குக் கடம்பவனம் என்ற பெயர் கடம்ப மரத்தால் வந்தது. திருவாலங்காடு ஆல மரத்தால். நம் கோயில்களில் மூலவருக்கு அடுத்தபடி தல விருட்சத்தைச் சுற்றி வருகிறோமே, அதற்குக் காரணம் இதுதான்: அந்த இடம் கோயிலாவதற்கு முன்பே மரத்தின் இடமாக இருந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இன்று தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரம் நகரத்துக்குள் தேடிப் பயனில்லை. பக்கத்தில் பிச்சாவரத்தின் சதுப்புக் காட்டுக்குப் போக வேண்டும். மதுரையில் காய்ந்துபோன ஒரு கடம்ப மரத்தின் அடிப்பகுதியைக் கோயிலுக்குள் காத்து வைத்திருக்கிறார்கள். பெயர் ஊரில் இருக்கிறது, மரம் ஊரை விட்டுப் போய்விட்டது. சாங்கியிலும் இதுதான் நடந்தது, இரண்டு முறை.

1942: காவல் மரம் விழுந்தது

19-ஆம் நூற்றாண்டின் வரைபடங்களிலேயே ‘சாங்கி மரம்’ என்று குறிக்கப்பட்ட ஒரு பெரிய மரம் இங்கே இருந்தது. சுமார் 76 மீட்டர் உயரம் என்று சொல்லப்படுகிறது. இன்றைய வீவக புளோக்கில் கிட்டத்தட்ட 25 மாடி. கடலில் வரும் கப்பலுக்கும் அது அடையாளம்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, எதிரி பீரங்கிகள் அந்த மரத்தைக் குறியாக வைத்துச் சுடுவார்கள் என்று அஞ்சி, பிரிட்டிஷ் ராணுவமே அதை வெட்டிச் சாய்த்தது. அதே மாதம் 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

சங்க காலத்தில் ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு காவல் மரம் இருந்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பகைவன் வந்தால் முதலில் அதைத்தான் வெட்டுவான். சேரன் செங்குட்டுவன், பழையன் என்பவனின் வேப்ப மரத்தை வெட்டியதாகப் பதிற்றுப்பத்து சொல்கிறது. மரம் விழுந்தால் மன்னன் தோற்றான் என்று பொருள். சாங்கியில் காவலுக்கு நின்றவர்களே மரத்தை வெட்டினார்கள், ஊரும் கையை விட்டுப் போனது. போர்க்காலத்தில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த சம்பவத்துக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

2002: சட்டம் இருந்தது, மரம் இல்லை

சாங்கியில் ஹால்டன் சாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 150 வயதான, 35 மீட்டர் உயரமான ஒரு மரம் நின்றது. அது ‘செங்கால் பாசிர்’ என்ற இனம் என்று 2002-இல்தான் இயற்கை ஆர்வலர்கள் அடையாளம் கண்டார்கள். சிங்கப்பூரில் அற்றுப்போய்விட்டதாக நினைத்திருந்த இனம் அது. ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மரத்தின் வகை, அதே ஊரில், சாலையோரத்தில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரிலேயே அது வெட்டப்பட்டது. அந்த இடத்தை நிர்வகித்த ஒரு நிறுவனம் அனுமதி பெறாமல் வெட்டிவிட்டது. வழக்கு நடந்தது. 8,000 வெள்ளி அபராதம், அதோடு 76,000 வெள்ளிக்கு மேல் இழப்பீடு. விதைகளிலிருந்து கன்றுகள் வளர்த்தெடுக்கப்பட்டன. ஆனால் 150 ஆண்டு நின்ற நிழலை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

இங்கேதான் பாடம். அந்த மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 1991-இலேயே சாங்கி வட்டாரம் மரப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கே தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்தால் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டும் எந்த மரத்தையும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. இன்றைய சட்டப்படி அபராதம் 50,000 வெள்ளி வரை போகலாம். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரம்பத்தை எடுத்தவருக்கு அது என்ன மரம் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. “மரம்தானே!” என்ற ஒரு வார்த்தைக்கு முன்னால் சட்டம் தாமதமாகத்தான் வந்தது.

மரபுடைமை மரம் என்றால் என்ன?

2001 ஆகஸ்டில் தேசியப் பூங்காக் கழகம் மரபுடைமை மரங்கள் திட்டத்தைத் தொடங்கியது. மரத்தின் சுற்றளவு 5 மீட்டரைத் தாண்ட வேண்டும். அல்லது அதற்குத் தாவரவியல், வரலாறு, சமூகம், பண்பாடு, கல்வி, அழகு போன்ற ஏதாவது ஒரு வகையில் தனி மதிப்பு இருக்க வேண்டும். பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். நீங்களும்தான். ஒரு குழு அதைப் பரிசீலித்து முடிவு செய்யும். தேர்வான மரத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பார்கள், இடிதாங்கி பொருத்துவார்கள், உடல்நிலையைத் தொடர்ந்து சோதிப்பார்கள். இப்போது தீவு முழுதும் 250-க்கும் மேற்பட்ட மரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இந்தப் பலகை ஒரு பட்டம் மட்டுமல்ல. “மரம்தானே!” என்று சொல்ல வருபவருக்கு, “இல்லை, இதற்கு ஒரு கதை இருக்கிறது” என்று மரத்தின் சார்பில் பதில் சொல்வது அதுதான். ஹால்டன் சாலை மரத்தின் கதையைப் பலரும் வழக்குக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். திட்டம் தொடங்கி ஓராண்டு ஆன நிலையில், பட்டியலில் ஏறும் முன்பே மரம் விழுந்துவிட்டது.

சாமி மரம் என்றால் போதுமா?

கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், மரங்களுள் தான் அரசமரம் என்கிறான் கண்ணன். நம் வீட்டுப் பெரியவர்கள் அரசமரத்தின் கிளையை ஒடிக்கவே தயங்குவார்கள். “அது சாமி இருக்கிற மரம்ப்பா, கை வைக்காதே” என்பார்கள். இந்தப் பயபக்தி பல மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் அதை மட்டும் நம்பினால் மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, பக்தி தனக்குத் தெரிந்த மரத்தை மட்டும்தான் பார்க்கும். அரசு, வேம்பு, வில்வம் என்றால் கும்பிடுவோம். செங்கால் பாசிருக்கு யார் குங்குமம் வைத்தார்கள்? இந்த மண்ணுக்கே உரிய காட்டு மரத்தை நாம் பெயர் தெரியாமல் கடந்து போகிறோம். தில்லையையும் கடம்பையும் வணங்கத் தெரிந்தவர்கள், வந்து குடியேறிய மண்ணின் தல விருட்சத்தையும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இரண்டாவது, பக்தியாலேயே மரத்துக்குக் கேடு செய்கிறோம். படம் மாட்ட ஆணி அடிக்கிறோம். வேரை மூடிச் சிமெண்ட் மேடை கட்டுகிறோம். பட்டையை ஒட்டி விளக்கு ஏற்றுகிறோம். வீட்டில் வேண்டாத சாமி படங்களையும் உடைந்த சிலைகளையும் மரத்தடியில் விட்டுவிட்டுப் போகிறோம். வேருக்கு மூச்சுக் காற்று வேண்டும், பட்டைக்குக் காயம் ஆகாது. இதைச் செய்யாமல் இருப்பதும் ஒரு பூஜைதான்.

மூன்றாவது, பழைய மரம் என்பதாலேயே அதில் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. 2017 பிப்ரவரி 11-ஆம் தேதி, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 வயதான ஒரு தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து, ஒரு பெண் உயிரிழந்தார். அதுவும் மரபுடைமை மரம்தான். ஆகவே ஒரு நிபுணர் பரிசோதித்து, “இந்தக் கிளையை வெட்டியே ஆகணும்” என்று சொன்னால், அது தெய்வ நிந்தனை அல்ல. காப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவது இல்லை, கூடவே இருந்து கவனித்துக்கொள்வது.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். நான்கு படிகள் போதும்.

1. உங்கள் கோயிலுக்கோ புளோக்குக்கோ பக்கத்தில் உள்ள மிகப் பழைய மரம் எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை போனால் கதையும் போய்விடும்.

2. மரத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் இணைய மர வரைபடம் உதவும். தமிழிலோ மலாயிலோ ஒரு பெயரையாவது மனப்பாடம் செய்யுங்கள்.

3. அளந்து பாருங்கள். மூன்று பேர் கைகோத்துக் கட்டிப் பிடித்தும் கை எட்டவில்லை என்றால், சுற்றளவு 5 மீட்டரை நெருங்குகிறது என்று அர்த்தம். பிறகு அளவு நாடாவை எடுங்கள்.

4. தகுதி இருப்பதாகத் தோன்றினால் முன்மொழியுங்கள். “எங்கள் சாமி மரம்” என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை ஆண்டுகளாக யார் யார் அதன் நிழலைப் பயன்படுத்துகிறார்கள், அந்த இடத்தின் வரலாறு என்ன என்பதைப் படங்களோடு எழுதுங்கள். சீன, மலாய் அண்டைவீட்டாரையும் கேளுங்கள். அவர்களிடமும் அதே மரத்தைப் பற்றி ஒரு கதை இருக்கும்.

எல்லா மரத்துக்கும் பலகை கிடைக்காது. பரவாயில்லை. பெயர் தெரிந்த மரத்தை யாரும் அவ்வளவு சுலபமாக வெட்டிவிட முடியாது, கேட்பதற்கு ஒருவர் இருப்பார். அடுத்த முறை ராமர் கோயிலுக்குப் போகும்போது பஸ்ஸுக்கு அவசரப்படாமல், சாங்கி வில்லேஜைச் சுற்றி ஒரு நடை நடந்து, தலையை நிமிர்த்திப் பாருங்கள்.

வகுப்பில் கலந்து பேச

• 1942-இல் மரத்தை வெட்டியதும் 2002-இல் வெட்டியதும் ஒன்றா? வேறுபாடு என்ன?

• மேம்பாட்டுக்காக ஒரு கோயிலும் அதன் மரமும் இடம் மாற வேண்டும் என்றால், கோயிலைப் பெயர்த்து வைக்கலாம். மரத்தை என்ன செய்வது? நீங்கள் நிர்வாகக் குழுவில் இருந்தால் என்ன பேசுவீர்கள்?

• உங்கள் வட்டாரத்தில் பெயர் தெரியாமல் நிற்கும் ஒரு மரத்தை அடுத்த வகுப்புக்குள் அடையாளம் கண்டு, அதைப் பற்றி ஐந்து வரி எழுதி வாருங்கள்.