பெட்டியின் பெயரைப் படிப்போம்

இணையம் இன்று தோட்டத்து வீடுகளுக்கும் இன்றியமையாத தேவையாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்தபோது பள்ளிப் பாடம் கைப்பேசி வழியாகவே வீட்டுக்கு வந்ததைப் பெற்றோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் வைஃபை ரவுட்டர் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்கு உதவும் என்று கருதி, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் சேர்க்கும் குடும்பங்கள் பல உள்ளன.

அப்பணத்தோடு கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்கோ, பிரிக்பீல்ட்ஸ் அல்லது கிள்ளான் கடைத்தெருவுக்கோ சென்றால், அங்கே நம்மை வரவேற்பவை விளங்காத பெயர்களே. ஆர்ச்சர் சி 6, ஏ.எக்ஸ். 3000, டி.ஐ.ஆர்.-615, எம்.ஆர். 200 என்று எழுத்தும் எண்ணும் கலந்து பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். எண் பெரிதாக இருந்தால் பொருளும் சிறந்தது என்று எண்ணி வாங்குவோர் உளர். அவ்வெண்ணம் எல்லா இடத்திலும் சரியாகாது. இப்பெயர்களைப் படிக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பால்மரம் கற்றுத் தந்த பாடம்

பெயரைப் பிரித்துப் படிப்பது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் இனத்தை அறியாத பழைய தொழிலாளர் இரார். அதிலுள்ள எழுத்துகள் 1925-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைக் குறிக்கும். அதன் பெற்றோர் இனங்களுள் ஒன்றான பி.பி. 86-இல் உள்ள எழுத்துகள் பிராங் பெசார் தோட்டத்தைக் குறிக்கும். அத்தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்துள்ளது.

எழுத்து, அவ்வினத்தை உருவாக்கியவர் யார் என்று சொல்லியது. 600 என்பதும் 86 என்பதும் வரிசை எண்களே. அவை கிடைக்கும் பாலின் அளவைக் குறிப்பவை அல்ல. எழுத்து ஒன்றைச் சொல்லும், எண் வேறொன்றைச் சொல்லும் என்ற இந்த உண்மையே ரவுட்டர் பெயருக்கும் திறவுகோலாகும்.

எழுத்துகள் காட்டும் தலைமுறை

வைஃபைக்குத் தலைமுறைகள் உண்டு. பெயரில் 'என்' என்ற எழுத்து இருந்தால் அது 2009-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட நான்காம் தலைமுறை. 'ஏ.சி.' என்றால் 2013-ஆம் ஆண்டின் ஐந்தாம் தலைமுறை. 'ஏ.எக்ஸ்.' என்றால் ஆறாம் தலைமுறை. 'பி.இ.' என்றால் ஏழாம் தலைமுறை. மக்களுக்கு எளிதில் விளங்க வேண்டும் என்பதற்காக வைஃபை கூட்டமைப்பு 2018-ஆம் ஆண்டில் வைஃபை 4, 5, 6 என்ற எண்களை அறிவித்தது. டி.பி. லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் வரிசையில் 'சி' என்ற எழுத்து வந்தால் அது ஏ.சி. தலைமுறையைச் சேர்ந்தது என்று அறியலாம்.

இருவகை எண்கள்

எண்களில் இருவகை உண்டு. ஆர்ச்சர் ஏ.எக்ஸ். 55 என்பதில் 55 என்பது நிறுவனம் தன் வசதிக்கு இட்ட வரிசை எண். அதே பெட்டியின் மேல் ஏ.எக்ஸ். 3000 என்றும் அச்சிட்டிருக்கும். இந்த 3000 வேக வகுப்பைக் குறிக்கும். அது ஒரே வேகமன்று; இரு அலைவரிசைகளின் வேகங்களைக் கூட்டி வந்த தொகையாகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 2402 மெகாபிட், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 574 மெகாபிட், கூட்டினால் 2976. அதை முழு எண்ணாக்கி 3000 என்கிறார்கள். ஏ.சி. 1200 என்பதும் அவ்வாறே 867, 300 என்ற இரண்டின் கூட்டாகும்.

ஒரு கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் அலையையே பயன்படுத்தும். ஆகவே 3000 என்ற வேகம் எந்தக் கைப்பேசிக்கும் கிட்டுவதில்லை. மேலும், இவை ஆய்வுக்கூடக் கணக்கில் வந்த உச்ச அளவுகள். சுவரும் தொலைவும் அவற்றைக் குறைத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவரைத் தாண்டுகையில் சோர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் தூரம் செல்லும்.

டி.ஐ.ஆர்.-615 சொல்லும் செய்தி

நம் நாட்டில் நடந்த ஒன்றை இங்கு எடுத்துக்காட்டலாம். 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் நாள் டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை சேவை தொடங்கியது. முதலில் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய பகுதிகளுக்கு அது கிடைத்தது. அன்றைய வேகம் 5, 10, 20 மெகாபிட். அச்சேவையுடன் டி-லிங்க் நிறுவனத்தின் டி.ஐ.ஆர்.-615 என்ற ரவுட்டர் வீடுகளுக்கு வழங்கப்பட்டது. அன்றைய வேகத்திற்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

பின்னர் காலம் மாறியது. 2018-ஆம் ஆண்டில் யூனிஃபை வாடிக்கையாளர் பலருக்கு வேகம் பன்மடங்கு உயர்த்தப்பட்டு நூறு மெகாபிட்டைக் கடந்தது. ஆனால் டி.ஐ.ஆர்.-615-இன் கம்பித் துளைகள் நூறு மெகாபிட்டுக்கு மேல் விடமாட்டா. வாய்க்காலில் வெள்ளம் வந்தாலும் மதகு சிறிதாயின் வயலுக்குப் பாய்வது கொஞ்சமே. வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள் கம்பித் துளையின் அளவைப் பெட்டியின் ஓரத்தில் சிறு எழுத்தில் குறிப்பதுண்டு. ஆகவே, கண்ணாடி இழைச் சேவைக்கு வாங்குவோர் 'கிகாபிட்' என்ற சொல் துளைக்குரிய குறிப்பில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

அதே டி.ஐ.ஆர்.-615 மற்றொன்றையும் கற்பிக்கிறது. ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்புகளாக அது வெளிவந்தது. பெயர் ஒன்றாயினும் உள்ளிருந்த உறுப்புகள் வேறு. அடிப்புறச் சீட்டில் பதிப்பு எழுத்து குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பதிப்புக்குரிய மென்பொருளை மற்றொன்றில் ஏற்றினால் கருவி செயலிழக்கக்கூடும்.

சிம் அட்டை போடும் வகை

பந்திங், கேரித்தீவு போன்ற பகுதிகளுக்கும் உட்புறத் தோட்டங்களுக்கும் இது மிக முக்கியமான பகுதி. வீட்டுக்குக் கண்ணாடி இழை வராத இடத்தில், மேலே கண்ட ஆர்ச்சர் சி, ஏ.எக்ஸ். வகைகள் தனியே பயன் தரமாட்டா. அவற்றில் சிம் அட்டைக்கு இடமில்லை. அங்கே 'எம்.ஆர்.' வகை வேண்டும். ஆர்ச்சர் எம்.ஆர். 200, எம்.ஆர். 600 ஆகியவை சிம் அட்டை ஏற்பவை. முன்னது 'கேட் 4' வகை; கைப்பேசிக் கோபுரத்திலிருந்து 150 மெகாபிட் வரை பெறும். பின்னது 'கேட் 6'. 300 மெகாபிட் வரை பெறும்.

இரண்டாங்கை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜென்டேலா திட்டத்தின்கீழ் நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. 'எச்.எஸ்.பி.ஏ.' என்று மட்டும் குறிக்கப்பட்ட பழைய கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதற்குக் கொடுக்கும் பணம் வீணே.

சுவிட்ச் பெட்டி

பல கணினிகளைக் கம்பியால் இணைக்கும் சுவிட்சின் பெயர் இன்னும் எளிது. டி.எல்.-எஸ்.ஜி. 105 என்பதில் 'ஜி' கிகாபிட்டைக் குறிக்கும். கடைசி 5 துளைகளின் எண்ணிக்கை. டி.எல்.-எஸ்.எஃப். 1008 டி என்பதில் 'எஃப்' நூறு மெகாபிட் வகை, 8 துளைகள். இங்கே 1008 பெரிய எண்ணாயினும் வேகத்தில் 105-க்குப் பின்தங்கியது. டி-லிங்க் நிறுவனத்தில் டி.ஜி.எஸ். என்பது கிகாபிட், டி.இ.எஸ். என்பது நூறு மெகாபிட்.

கடையில் கேட்க வேண்டியவை

1. எங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழையா, சிம் அட்டையா? இப்பெட்டி அதற்கு ஏற்றதா?
2. இது எந்தத் தலைமுறை வைஃபை?
3. கம்பித் துளைகள் கிகாபிட்டா, நூறு மெகாபிட்டா?
4. இந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வெளிவருகின்றனவா?
5. தொடர்புக் கருவிகளுக்கு நம் நாட்டில் தேவையான சிரிம் சான்றின் முத்திரை உள்ளதா?

இக்கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்வதில் வெட்கமில்லை. விற்பவர் கூறும் விடையைப் பெட்டியில் அச்சிட்டுள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூறு மெகாபிட் சேவை பெறும் வீட்டுக்கு மூவாயிரம் என்று பெயர் பெற்ற பெட்டி கட்டாயமன்று. சிம் அட்டையை நம்பியிருக்கும் வீட்டுக்குச் சிம் அட்டை இடமில்லாத பெட்டி எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனற்றது. படிக்கும் வயதுப் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று அவர்களையே பெயரைப் பிரித்துச் சொல்லச் செய்வோமாக. உழைத்துச் சேர்த்த வெள்ளிக்கு உரிய பொருள் வீடு வந்து சேரும். பிள்ளைகளும் ஒரு பாடம் கற்றவர்களாவர்.