முதுமை எய்திய கணிப்பொறி மொழி

மொழி வளர்வதும் தேய்வதும் பற்றி நம் சங்கத்தில் பேசாத கூட்டமில்லை. கணிப்பொறி மொழிகளுக்கும் இந்நிலை உண்டு. விஞ்ஞானம் பயிலும் அன்பர்கள் ஆய்வுக்கூடத்தில் நுழைந்ததும் எதிர்ப்படும் ஃபோர்ட்ரான் அத்தகையதே.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1957இல் இதனை வெளியிட்டனர். சூத்திரத்தை நாம் எழுதுகிறபடியே ஏறக்குறைய எழுதித் தந்தால் இயந்திரம் தன் மொழிக்குப் பெயர்த்துக்கொள்ளும் என்பது அந்நாளில் பெரும் புதுமை. நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 வந்தபோது மாணவர் கற்றதும் இதைத்தான். அங்கே ஆசிரியராயிருந்த பேராசிரியர் வி. இராஜாராமன், ஈரோட்டில் பிறந்தவர், எழுதிய பாடநூலைக் கொண்டு பயின்றோர் பலர்.

இன்று புதியவர்கள் பைத்தானை நாடுகிறார்கள். ஃபோர்ட்ரான் அறிந்தோர் ஓய்வு பெற்று வருகிறார்கள். இன்னும் 15 ஆண்டுகளுக்கு இதனை நம்பியிருப்பதில் என்ன ஆபத்து என்று ஆராய்ந்து, அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தார் 2023இல் ஓர் அறிக்கையே எழுதினர். ஆனால் அதே 2023இல் இம்மொழிக்குப் புதிய தர வரையறையும் வெளிவந்தது! வானிலையைக் கணிக்கும் டபிள்யூ.ஆர்.எஃப். போன்ற பெரும் நிரல்கள் இதில்தான் இருக்கின்றன.

அப்படியானால் வேறு மொழிக்குப் பெயர்த்துவிட்டால் என்ன? இங்கேதான் சிக்கல். அணியின் எண்களை ஃபோர்ட்ரான் நிரல் நிரலாகச் சேமிக்கும். சி மொழியோ வரிசை வரிசையாகச் சேமிக்கும். அறிவிக்கப்படாத மாறியின் பெயர் ஐ முதல் என் வரையிலான எழுத்தில் தொடங்கினால் அது முழு எண் என்று பழைய நிரல்கள் கொள்ளும். இவற்றையாவது பார்த்துத் திருத்திவிடலாம். கூட்டலின் வரிசை மாறினால் விடையே மாறுமே, அதற்கு என்ன செய்வது? 32 பிட்டுப் பதின்ம எண்ணில் பத்துக்கோடியோடு 1ஐக் கூட்டிப் பின் பத்துக்கோடியைக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டுப் பின் 1ஐக் கூட்டினால் விடை 1! ஆகவே புதிய நிரலின் விடை சற்றே வேறுபட்டால், அது பெயர்த்தவரின் பிழையா, வரிசையின் விளைவா என்று பிரித்தறிய வேண்டும்.

இதற்கு அனுபவமுள்ளோர் கையாளும் வழி எளியது. பழைய நிரலைத் தொடுமுன் அதற்குப் பலவகை உள்ளீடுகளைத் தந்து விடைகளைச் சேமித்து வைக்கிறார்கள். எவ்வளவு வேறுபாடு தகும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கிறார்கள். பிறகு ஒரு சமயத்தில் ஒரு துணைநிரலை மட்டும் மாற்றி ஒப்பிடுகிறார்கள். எஃப்டுபை என்னும் கருவி இருப்பதால், மாற்றாத பகுதிகளைப் பைத்தானிலிருந்தே அழைத்துக்கொள்ளலாம். நாகரிகம் கருதி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பெயர்க்க முனைவது வீண் வேலை என்பது என் எண்ணம்.

ஒப்பீட்டுக்கும் அகப்படாதது ஒன்றுண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கைம்மாறி வந்த நிரலொன்றில் 0.87 என்னும் எண் யாதொரு விளக்கமுமின்றி நிற்கிறது. நீக்கினால் விடை சோதனையோடு பொருந்துவதில்லை. வைத்துக்கொண்டால் ஆய்வேட்டில் காரணம் எழுத வழியில்லை. எழுதியவர் ஓய்வு பெற்று ஊர் சென்றுவிட்டார். அவர் முகவரியைத் தேடிப் பெற்று, சென்ற வாரம் கடிதம் எழுதியிருக்கிறேன்.